டேலி கார்டு நம்பர் முப்பதாயிரம்

கம்பெனி ஆண்டு மலர் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கழுத்தில் டை, கையில் ஆப்பிள். "சார், நம்ம அக்கவுண்ட்ஸ்ல கம்ப்யூட்டர் வந்தப்ப நீங்கதானே கன்ட்ரோல் செக்‌ஷன்? 'கணிப்பொறியால் நம் துறைகள் பெற்ற நன்மைகள்'னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. கூடவே சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ" என்றார்கள். போட்டோவை அன்றைக்கே கொடுத்துவிட்டேன். கட்டுரையை எழுதிப் பார்த்தால் அது மலரில் போடுகிற மாதிரி வரவில்லை. ஆப்பிளை வேறு தின்று தொலைத்துவிட்டேன். அதனால் எழுதியதைக் கிழிக்காமல் அப்படியே வைக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில். மண்ணூர்பேட்டையில் எங்கள் அப்பாவுக்கு இருந்த நிலம் எஸ்டேட்டுக்குப் போனது. அந்த நிலத்துக்காகத்தான் எனக்கு வேலை கொடுத்தார்கள் என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். நான் பி.காம் படித்ததற்காகக் கொடுத்தார்கள் என்று நான் சொன்னேன். எதற்குக் கொடுத்தோம் என்று கம்பெனி கடைசிவரை சொல்லவில்லை. பயிற்சி ஆறு மாதம். அதில் கற்றுக்கொண்டது பேரேட்டில் கோடு போடுவது, ஆடிட்டர் வந்தால் எழுந்து நிற்பது, இந்த இரண்டும்தான்.

சில வருஷம் கழித்து, எழுபதுகள் பிறந்ததும், கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்றார்கள். வந்தது கம்ப்யூட்டர் இல்லை. அது பட்டணத்தில் யாரோ ஒருவர் வைத்திருந்த பெரிய மிஷின். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்தோம். எங்களுக்கு வந்தது கார்டில் ஓட்டை போடுகிற மிஷின்கள் நாலு, அந்தக் கார்டுகளைக் கூட்டிச் சொல்கிற மிஷின் ஒன்று, இவற்றுக்காக ஓர் ஏ.சி. ரூம். தொழிற்சாலையில் ஆயிரம் பேர் வேர்த்து ஊற்றிக்கொண்டிருக்க, மிஷின் மட்டும் ஜில்லென்று உட்கார்ந்திருக்கும். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவோம். கோயிலுக்குள்ளேயாவது சில பேர் செருப்போடு எட்டிப் பார்த்திருக்கிறார்கள், அந்த ரூமுக்குள் அது நடக்கவே நடக்காது.

செருப்புச் சட்டம் போட்டவர் எங்கள் சீஃப் அக்கவுண்டன்ட் தாமோதரன் சார். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார், செக்‌ஷன் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் 'கன்ட்ரோல்'. ஸ்டோர்ஸ் கீப்பர் 'ஸ்டோர்ஸ்'. அவர் சம்சாரம் ஒருநாள் ஆபீசுக்கு வந்தபோது "ரெசிடென்ஸ் வந்திருக்கு" என்று பியூனிடம் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு, அது பொய்யாகத்தான் இருக்கும். பட்டணத்திலிருந்து லிஸ்ட் வந்தால், மடிப்பு மடிப்பாக மூட்டை மாதிரி இருக்கும் அந்தத் தாளை, நின்றுகொண்டேதான் பார்ப்பார். ஸ்கேலை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் கடைசி வரிக்குக் கீழே வைப்பார். அதை மட்டும் படிப்பார். "டேலி?" என்பார். "டேலி சார்" என்பேன். கையெழுத்துப் போடுவார். போட்டதும் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வருவார்.

நன்மை இல்லாமல் போகவில்லை, சும்மா சொல்லக் கூடாது. எந்தச் சாமான் தீர்ந்துகொண்டிருக்கிறது என்ற லிஸ்ட் பர்ச்சேஸ்காரர்களுக்கு வாரா வாரம் கிடைத்தது. முன்பெல்லாம் சாமான் தீர்ந்து மிஷின் நின்ற பிறகுதான் அவர்களுக்குத் தெரியும். இப்போது முன்கூட்டியே தெரிந்தது, அப்புறம் மிஷின் நின்றது. செலவுக் கணக்குப் பார்க்கிற காஸ்டிங்காரர்களுக்கு ஒரு லிஸ்ட், புரொடக்‌ஷனுக்கு ஒரு லிஸ்ட். படிக்காத லிஸ்டெல்லாம் கேண்டீனுக்குப் போய் போண்டாவுக்கு அடியில் சேர்ந்தது. எல்லாத் துறைக்கும் தவறாமல் உதவியது அந்தத் தாள்தான்.

இனி கன்ட்ரோல் விஷயத்துக்கு வருகிறேன். சீட்டு எழுதுகிறவன் ஒருத்தன், கார்டு அடிக்கிறவர் ஒருத்தர், சரிபார்க்கிறவன் ஒருத்தன், கையெழுத்துப் போடுகிறவர் ஒருத்தர். "ஒரு திருட்டு நடக்கணும்னா நாலு பேர் கூடணும், கன்ட்ரோல். நாலு பேர் ஒத்துமையா இருந்து நம்ம ஊர்ல பாத்திருக்கியா?" என்பார் தாமோதரன் சார். சரியான பேச்சுதான். ஆனால் சோம்பேறித்தனத்துக்கு நாலு பேர் வேண்டாம், ஒருத்தன் போதும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

சரிபார்க்கிற முறை இதுதான். ஸ்டோர்ஸிலிருந்து தினம் நூறு, நூற்றைம்பது சீட்டு வரும். ஒவ்வொன்றிலும் சாமானின் கோட் நம்பரும் எண்ணிக்கையும் இருக்கும். மிஷின் துடைக்கிற காட்டன் வேஸ்ட் என்றால் 50417. இந்தக் கோட் நம்பர்களையெல்லாம் நான் கூட்ட வேண்டும். காட்டன் வேஸ்டையும் போல்ட்டையும் பெயின்டையும் கூட்டினால் என்ன வரும்? ஒரு மண்ணும் வராது. அது கூட்டாஞ்சோறு. ஆனால் சீட்டைப் பார்த்து நான் கூட்டியதும், கார்டைப் பார்த்து மிஷின் கூட்டியதும் ஒன்றாக இருந்தால், எந்தக் கார்டும் தொலையவில்லை, எந்த நம்பரும் மாறவில்லை என்று அர்த்தம். நல்ல ஏற்பாடு. யோசித்தவன் புத்திசாலி.

டேலி ஆகாவிட்டால் நூற்றைம்பது சீட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தப்பைப் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். கார்டுப் பெட்டியை ஏற்றிக்கொண்டு பட்டணம் போகிற வேன் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஹாரன் அடிக்கும். அண்ணனூர் போக எனக்கு ரயில் ஐந்து இருபதுக்கு. இந்தக் கஷ்டத்தில் பிறந்தது என் சொந்தக் கண்டுபிடிப்பு. இரண்டு கூட்டலுக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அந்த வித்தியாசத்தையே ஒரு கோட் நம்பராக நினைத்து, எண்ணிக்கை ஒன்று என்று போட்டு, நானே புதுசாக ஒரு கார்டு அடித்து அன்றைய கார்டுக் கட்டின் நடுவில் செருகிவிடுவேன். பூஜ்யம் போட்டால் மிஷின் துப்பிவிடும், அதனால் ஒன்று. கூட்டல் டேலி, வேனும் போய்விடும், நானும் போய்விடுவேன். இதற்கு 'டேலி கார்டு' என்று பேர் வைத்திருந்தேன். இதுவரை யாரும் பாராட்டவில்லை.

பெரும்பாலும் அந்த வித்தியாச நம்பரில் சாமானே இருக்காது. பட்டணத்து மிஷின் அதை 'இல்லாத நம்பர்கள்' என்று தனி லிஸ்டாக அடித்து அனுப்பும். யாருக்கு? கன்ட்ரோல் செக்‌ஷனுக்கு. அதாவது, எனக்கே. நான் அதை வாங்கிக் கீழ் டிராயரில் பத்திரமாக வைப்பேன். இப்படி இரண்டு வருஷம் ஓடியது.

இரண்டாம் வருஷக் கடைசியில் ஸ்டோர்ஸ் சாமான்களை எண்ணி ஸ்டாக் எடுத்தார்கள். ஸ்டோர்ஸ் கீப்பர் பேர் ஏகாம்பரம். அவன் அப்பா எங்கள் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். இவன் பத்தாவது படித்து, ஸ்டோர்ஸில் மூட்டை தூக்கி, பிறகு கிளார்க்காகி, கீப்பராகவும் ஆனான். "எங்க ஊட்ல மடிச்ச சட்டை போட்டுகினு வேலைக்கிப் போன மொத ஆளு நான்தான் சார்" என்று அடிக்கடி சொல்வான். எண்ணெய்க் கறை பிடித்த ஸ்டோர்ஸில் அந்தச் சட்டையை எப்படி வெள்ளையாக வைத்திருந்தானோ, ஆச்சரியம்தான். அவன் தம்பி மணி அதே ஸ்டோர்ஸில் கான்ட்ராக்டில் மூட்டை இறக்கினான்.

ஸ்டாக் எடுத்ததில் மைக்ரோமீட்டர் ஒன்று குறைந்தது. நூலிழைப் பருமனையும் அளக்கிற, உள்ளங்கையில் அடங்குகிற கருவி அது. வெளிநாட்டுச் சரக்கு, ஏகாம்பரத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் பெறும். லிஸ்டில் நாலு, அலமாரியில் மூன்று. அண்ணனும் தம்பியும் ஸ்டோர்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினார்கள். கிடைக்கவில்லை. பத்து நாளைக்குள் ஒப்படைக்காவிட்டால் வேலை போய்விடும், போலீசுக்கும் போவோம் என்று ஏகாம்பரத்துக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள். என்னைக் கூப்பிட்டு, வருஷம் முழுக்க எல்லாக் கட்டும் டேலி என்று ஒரு சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார் தாமோதரன் சார். போட்டேன். அவரும் போட்டார், கையைக் கழுவினார்.

மறுநாள், எது குறைவு, எது அதிகம் என்ற லிஸ்ட் என் மேஜைக்கு வந்தது. மைக்ரோமீட்டர் ஒன்று குறைவு, கோட் 30000. கருவிகளிலேயே ராஜா அதுதான் என்று கருவி வரிசையின் முதல் நம்பரை அதற்குத் தாமோதரன் சாரே கொடுத்திருந்தார். அதே லிஸ்டில் இரண்டு வரி தள்ளி, காட்டன் வேஸ்ட் இருபது கட்டு அதிகம். காட்டன் வேஸ்ட் 50417. இரண்டு நம்பரையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கார்டு மிஷினில் ஐந்துக்கு நேர் மேலே இருக்கிற சாவி இரண்டு. விரல் ஒரு வரிசை தப்பினால் 50417 என்பது 20417 ஆகிவிடும். வித்தியாசம் சரியாக முப்பதாயிரம்!

கீழ் டிராயரைத் திறந்து கிளறினேன். இருந்தது. 'இல்லாத நம்பர்: 20417, எண்ணிக்கை 20.' அன்றைய தேதி வரவுக் கட்டைப் பிரித்தால் நடுவில் என் டேலி கார்டு: 30000, எண்ணிக்கை 1. ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரு மைக்ரோமீட்டரை நானே பெற்று ஸ்டோர்ஸில் வைத்திருக்கிறேன். அது உலகத்தில் எங்கேயும் இல்லை. அதைத்தான் ஏகாம்பரம் தேடிக்கொண்டிருந்தான்.

உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. பயந்தேன். எனக்கும் இரண்டு குழந்தைகள், வேலை போனால் என்ன செய்வது என்று மூன்று நாள் முழுங்கிக்கொண்டு இருந்தேன். ஸ்டோர்ஸ் பக்கமே போகவில்லை. கேண்டீனில் அவன் எதிரே வந்தால் போண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்கக்கேடு. நாலாம் நாள் தாங்கவில்லை, முதலில் அவனிடமே சொல்லிவிடலாம் என்று போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கெடச்சிட்ச்சு சார்! ரேக்குக்குப் பின்னால கெடந்திச்சு, பாரு!"

அலமாரியில் நாலு இருந்தது. நாலாவதில் கடைக்காரன் சுற்றிய எண்ணெய்த் தாள்கூடப் பிரிக்கவில்லை.

"ஏகாம்பரம், இது புதுசுப்பா."

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பாரிஸ் கார்னர்ல வாங்கினு வந்தேன் சார். அவ கழுத்துல கெடந்தத வித்துட்டோம். மஞ்சக் கயிறு கட்டிகினு கீறா. சத்தியமா நான் எடுக்கல சார். ஆனா கம்ப்யூட்டர் சொல்லுதே, அது பொய் சொல்லுமா? நான்தான் எங்கியோ கோட்டை வுட்டுட்டேன்."

"மணி எங்கே? ரெண்டு நாளா கேண்டீன்லயும் ஆளைக் காணோமே?"

"ஒடம்பு செரியில்ல சார்" என்றான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

நேராகத் தாமோதரன் சார் ரூமுக்குப் போனேன். டேலி கார்டைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னேன். டிராயர் லிஸ்டையும் மேஜையில் வைத்தேன். அவர் நின்றபடியே கேட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சிஸ்டம் எத்தனை சொல்லுது, கன்ட்ரோல்?"

"நாலு சார். ஆனா..."

"அலமாரியில எத்தனை?"

"நாலு சார். அது அவன் கைக்காசு போட்டு..."

"சிஸ்டமும் நாலு. அலமாரியும் நாலு. நீ ஒருத்தன் வந்து மூணுங்கற. நான் யாரை நம்பணும்?" ஸ்கேலை எடுத்து என் சர்டிபிகேட்டின் கடைசி வரிக்குக் கீழே வைத்தார். "இது உன் கையெழுத்துதானே? கீழ என்னுது. இது தப்புன்னு ஆடிட்டருக்கு நான் எழுதணுமா?"

எழுதமாட்டார். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். 'கணிப்பொறிக் கட்டுப்பாட்டின் காரணமாகக் களவுபோன கருவி மீட்கப்பட்டது' என்று மேலே ரிப்போர்ட் போனது. மேலேயிருந்து அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. ஏகாம்பரத்துக்குக் கடைசி வார்னிங், சம்பள உயர்வு கட். எடுக்காத பொருளைக் காசு கொடுத்து வாங்கி வைத்தவன், வாங்கி வைத்ததனாலேயே திருடன் ஆனான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வாக்குமூலத்துக்கு அந்த ஆபீசில் ஃபார்மே கிடையாது.

பத்து நாள் யோசித்தேன். இந்த மனிதர் ஆள் பேச்சைக் கேட்கமாட்டார், மிஷின் பேச்சைத்தான் கேட்பார். சரி, மிஷினே பேசட்டும். ஒரு வரவுச் சீட்டு எழுதினேன்: 30000, மைனஸ் ஒன்று. சப்ளையருக்குச் சாமான் திருப்பி அனுப்பும்போது மைனஸ் போடுவது வழக்கம், மிஷின் வாங்கிக்கொள்ளும். சீட்டை அன்றைய கட்டின் நடுவில் வைத்துக் கையெழுத்துக்கு நீட்டினேன். மேல் சீட்டை மட்டும் பார்த்துத் தாமோதரன் சார் கட்டுக்கே கையெழுத்துப் போட்டார். கார்டை அடித்தேன். அன்றைக்கு ஒரு வித்தியாசமும் இல்லாமல் டேலி ஆனது. என் வாழ்க்கையிலேயே யோக்கியமான டேலி அதுதான், அதற்கு நான் செய்த வேலை அயோக்கியத்தனம்.

அடுத்த லிஸ்ட் வந்ததும், "சார், மைக்ரோமீட்டர் வரியைக் கொஞ்சம் பாருங்க" என்றேன். ஸ்கேல் நகர்ந்தது.

"மூணு" என்றார்.

"அலமாரியில நாலு இருக்கு சார்."

"சிஸ்டம் மூணுங்குதே."

"ஆமா சார்."

"அப்ப நாலாவது நம்மளுது இல்ல."

"ஏகாம்பரத்தோடது சார். பாரிஸ் கார்னர் பில் இருக்கு. நோட்டீஸ் குடுத்ததுக்கு அப்புறம் வாங்கின தேதி."

"அடுத்தவன் சாமான் நம்ம ஸ்டோர்ஸ்ல எதுக்கு? இன்னைக்கே எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"அந்த வார்னிங் சார்? சம்பள உயர்வு?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சிஸ்டத்துல குறைவே இல்லையேப்பா. எதுக்கு வார்னிங்?" ஃபைலிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். கையெழுத்துக்குப் போன கட்டின் நடுவில் ஒரு சீட்டைச் செருகினேன் என்று அவருக்குத் தெரிந்ததா, தெரியாததா? இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. கையைக் கழுவப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன். கடைக்காரன் கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டான், ஆனால் விலையில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டான். பிடித்த அந்தத் தொகையை நான் என் காசில் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். புருஷன் பெண்சாதி இரண்டு பேரையும் உட்கார வைத்து, ரயில், வேன், டேலி கார்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்ற தீர்மானத்தோடுதான் போயிருந்தேன்.

ஏகாம்பரம் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அப்ப யாருமே எடுக்கலியா சார்?"

"யாருமே எடுக்கலை. அப்படி ஒண்ணு இருக்கவே இல்லை."

அவன் சம்சாரம் எழுந்துவிட்டாள். "கேட்டுக்கினியா? யாருமே எடுக்கலியாம்! அன்னிக்கி அந்தப் புள்ளைய இன்னா அடி அடிச்ச! சொந்தத் தம்பிய, தெருவுல வச்சி! அது இல்ல இல்லன்னு அழுதுகினே பூட்ச்சு. இன்னி வரிக்கும் இந்த வாசப்படி மிதிக்கல." என் பக்கம் திரும்பினாள். கவரை என்னிடமே தள்ளினாள். "எங்க துட்டு எப்படியோ வரும் சார். அந்தப் புள்ளயாண்ட வந்து இதச் சொல்லு."

மணி அண்ணனூரில் ரயில்வே வேலைக்குச் செங்கல் இறக்கிக்கொண்டிருந்தான். நானும் ஏகாம்பரமும் ஒரே சைக்கிளில் போனோம். தம்பியைக் கண்டதும் இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு என் பின்னால் நின்றான். நான் மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். மணி கையிலிருந்த செங்கலைக் கீழே வைக்காமல் கடைசிவரை கேட்டான். அவன் நெற்றியில் ஒரு தழும்பு புதிதாக ஆறியிருந்தது. என்னைத் தாண்டி அண்ணனைப் பார்த்தான்.

"கம்ப்யூட்டர் சொல்லிச்சி, நம்பின. இப்போ இந்த சார் சொல்றாரு, நம்பற. அன்னிக்கி நான் சொன்னேனே அண்ணாத்தே."

ஏகாம்பரம் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டான். மணி செங்கலை அடுக்கின் மேல் வைத்துவிட்டு, அடுத்ததை எடுக்க லாரிக்குப் போனான்.